குடியாத்தம் சிரசுத் திருவிழாவுக்கு ஐந்து வயது, இரண்டு வயதுக் குழந்தைகளுடன் போகலாமா?

சத்துவாச்சாரி மருமகள் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் மாமியார் பிறந்த ஊர் குடியாத்தம். சித்திரை மாதம் பாதி கழிந்ததும் எங்கள் வீட்டில், அம்மனின் தலை ஊர்வலமாக வரும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா பற்றிய பேச்சு தொடங்கிவிடும். மகளுக்கு விவரம் தெரியாத வயது, மகன் கைக்குழந்தை என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லி இதுவரை தள்ளிப்போட்டு வந்தேன். இப்போது மகளுக்கு ஐந்து வயது நிறைந்துவிட்டது. மகன் இரண்டை நெருங்குகிறான், ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்பதில்லை. "ஆயா ஊருக்குத் திருவிழா பார்க்கப் போறேன்" என்று மகள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டதால் இந்த ஆண்டு போயே தீர வேண்டும் என்ற நிலை. நான் ஓசூர்ப் பக்கம் வளர்ந்தவள் என்பதால் இந்தத் திருவிழாவை நேரில் கண்டதில்லை. என் கணவரோ சிறு வயதில் அவருடைய தாய்மாமன் தோளில் அமர்ந்து பார்த்ததைச் சொல்கிறாரே தவிர, எத்தனை மணிக்குப் போவது, எங்கே நிற்பது என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை.

எனக்கு முதன்மையான கவலை வெயில். அக்னி நட்சத்திரத்தின் நடுவில், வேலூர் மாவட்டத்து மே மாத வெயிலில், இலட்சக்கணக்கானோர் கூடும் இடத்துக்கு இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிச் செல்வது சரிதானா? குழந்தைகள் திருவிழாவை மகிழ்ச்சியாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் எந்த வேளையில், எந்தப் பகுதிக்குப் போக வேண்டும்? ராட்டினங்களில் ஏற்றலாமா?

இன்னொன்றும் இருக்கிறது. மாமியார் கைபேசியில் காட்டிய சிரசுப் படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, சாமிக்குத் தலை மட்டும் ஏன் தனியா வருது? உடம்பு எங்க போச்சு?" என்று மகள் கேட்டாள். பரசுராமர் கதையை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "அங்கே போய்ப் பார்ப்போம்" என்று சமாளித்திருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

தரணம்பேட்டைக்காரர்:

வணக்கம் சகோதரி. நீங்கள் எங்கள் ஊர் மருமகளும் ஆகிறீர்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். குழந்தைகளைத் தாராளமாக அழைத்து வாருங்கள். ஆனால் சிரசு ஊர்வலம், கோயில் தரிசனம், கடைத்தெரு, ராட்டினம், இரவு வாணவேடிக்கை ஆகிய அனைத்தையும் ஒரே நாளில் குழந்தைகளுக்குக் காட்டிவிடலாம் என்று மட்டும் திட்டமிடாதீர்கள். அப்படி வருகிற குடும்பங்களில், பிற்பகல் இரண்டு மணிக்குப் பிள்ளை அழ, தாய் வெயிலில் விசிற, தகப்பன் ஆட்டோ தேடி அலைவதைத்தான் ஆண்டுதோறும் பார்க்கிறோம்.

நாளின் போக்கை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வைகாசி முதல் நாள், அதாவது மே 14 அல்லது 15 அன்று, தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் சிரசு அதிகாலையில் புறப்படும். மேளம், பம்பை, புலியாட்டம், சிலம்பம் எல்லாம் முன்னே செல்ல, ஆளுயர மாலைகளை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு தெருவிலும் நின்று நின்று, கோபாலபுரத்தில் இருக்கும் கெங்கையம்மன் கோயிலை வந்தடையும். அங்கே உடலோடு சிரசு பொருத்தப்பட்டு, கண் திறப்பு நடந்து, அதன் பிறகு பொதுமக்கள் தரிசனம் தொடங்கும். அன்றிரவே சிரசு உடலிலிருந்து பிரிக்கப்பட்டு மீண்டும் ஊர்வலமாகச் சென்றுவிடும். பிறகு வாணவேடிக்கை. அம்மன் தலையும் உடலுமாகச் சேர்ந்திருப்பது அந்த ஒரு பகல் மட்டுமே என்பதால்தான் இவ்வளவு நெரிசல்.

ஊர்வலப் பாதையில் குழந்தையோடு தரையில் நிற்காதீர்கள். காரணம் கூட்டம் மட்டுமன்று, தேங்காய். வேண்டுதல் வைத்தவர்கள் மூட்டை மூட்டையாகத் தேங்காயைக் கொண்டுவந்து, சிரசு தங்கள் தெருவுக்குள் நுழையும்போது சாலையில் உடைத்துத் தள்ளுவார்கள். ஓட்டுச் சில்லுகள் முழங்கால் உயரத்துக்குத் தெறிக்கும். பெரியவர்களுக்கு முழங்கால் என்றால் உங்கள் மகளுக்கு அது முகம். சிரசு கடந்துபோன பிறகும் தார்ச்சாலை இளநீரில் நனைந்து வழுக்கும். ஓடு காலில் குத்தும். ஆகவே செருப்புக்குப் பதிலாக, பின்புறம் வார் வைத்த காலணியை இருவருக்கும் அணிவியுங்கள். கோயிலருகே கழற்ற வேண்டிய இடத்தில் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

உங்கள் மாமியாருக்கு ஊரில் இன்னும் உறவு இருக்கும் அல்லவா? ஊர்வலப் பாதையில் யார் வீடு இருக்கிறது என்று இன்றே விசாரிக்கச் சொல்லுங்கள். சிரசு நாளில் எங்கள் ஊரில் வீட்டு மாடி என்பது உறவினர், உறவினரின் சம்பந்தி, சம்பந்தியின் பக்கத்து வீட்டார் என்று எல்லாருக்கும் பொது. முதல் நாள் இரவே போய்த் தங்கிவிட்டால், பிள்ளைகள் தூங்கி எழுந்து, இட்லி சாப்பிட்டு, மாடிக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் பாதுகாப்பாக நின்று சிரசைப் பார்க்கலாம். மேலிருந்து பார்க்கும்போது மாலைகளுக்கு நடுவே அம்மன் முகம் நேராகத் தெரியும். தரையில் நிற்கும் எங்களுக்கே அந்தக் காட்சி கிடைப்பதில்லை.

அப்படி வீடு கிடைக்காவிட்டால் காலை ஊர்வலத்தை விட்டுவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு வாருங்கள். முந்தைய நாள் தேரோட்டத்தைப் பார்ப்பதும் நல்ல வழிதான். கடைகளும் ராட்டினங்களும் சிரசு முடிந்த மறுநாளே மூட்டை கட்டிவிடுவதில்லை. உண்மையைச் சொன்னால், ஐந்து வயதுக் குழந்தைக்குத் திருவிழா என்பதே அந்தக் கடைத்தெருதான். கூட்டம் வடிந்த மாலையில் கவுண்டன்யா ஆற்றோரம் அழைத்துச் சென்றால், செப்புச் சாமான், ஊதல், பலூன், சோப்பு நுரை ஊதும் குழல் என்று ஒவ்வொரு கடையிலும் நின்று நின்று பார்ப்பாள். சவ்வு மிட்டாய்க்காரரைத் தேடிப் பிடியுங்கள். நீண்ட கழியின் உச்சியில் பொம்மை கைகொட்டிக்கொண்டிருக்கும்; கழியில் சுற்றிய மிட்டாயிலிருந்து ஒரு துண்டை இழுத்து, விரல்களால் தட்டி, மடித்து, உங்கள் மகளின் மணிக்கட்டில் கைக்கடிகாரமாக ஒட்டிவிடுவார். கன்னத்தில் ஒரு பொட்டு மிட்டாய் இலவசம். கைப்பேசியைக் கையில் வைத்திருக்கும் இந்தக் காலத்துப் பிள்ளைகளும் அவரிடமிருந்து நகர்வதில்லை.

---

காட்பாடி மருத்துவர்:

நான் குழந்தைகள் நல மருத்துவர் என்பதால் உடல்நலம் பற்றி மட்டும் எழுதுகிறேன். தரணம்பேட்டை நண்பர் சொன்ன நேரக் கணக்கை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். மே மாதத்தில் வேலூரின் வெப்பநிலை 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது வழக்கமான செய்தி. இரண்டு வயதுக் குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைவிட வேகமாகச் சூடேறும். தாகம் என்று சொல்லத் தெரியாமல் சிணுங்கும், நாம் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்வோம். காலை பதினொன்று முதல் மாலை நான்கு வரை இரு பிள்ளைகளும் கூரைக்குக் கீழே இருக்கட்டும்.

தண்ணீரை வீட்டிலிருந்தே காய்ச்சி ஆறவைத்துக் கொண்டுபோங்கள். கேட்கும்வரை காத்திராமல், சிறிது சிறிதாக அடிக்கடி கொடுங்கள். உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்றிரண்டு பையில் இருப்பது நல்லது. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில்தான் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தைக் குவளையில் கொட்டிக் கலக்குவது தீங்கு. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. குழந்தை வழக்கத்தைவிடச் சோர்ந்து கிடந்தாலோ, பல மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமல் இருந்தாலோ, உடல் கொதித்து வாந்தி எடுத்தாலோ தரிசனத்தை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு நிழலுக்குக் கொண்டுபோய், ஆடையைத் தளர்த்தி, ஈரத் துணியால் துடைத்து, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். மயக்கமோ வலிப்போ வந்தால் 108-ஐ அழையுங்கள். வழிநெடுக நீர்மோர்ப் பந்தல்கள் இருக்கும். மோரில் தவறில்லை, அதில் போடும் பனிக்கட்டி எந்த நீரில் உறைந்தது என்பதுதான் எனக்கு ஐயம்.

சவ்வு மிட்டாய்க் கைக்கடிகாரத்தை நானும் சிறு வயதில் கட்டியிருக்கிறேன், அதைத் தடுக்க எனக்கு மனமில்லை. கையில் கட்டி மகிழ்ந்த பிறகு எவ்வளவு வாய்க்குள் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணைப் பறிக்கும் நிறமாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பஞ்சு மிட்டாயில் துணிச் சாயமான ரோடமின்-பி கலந்திருப்பது ஆய்வில் உறுதியானதால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அதன் விற்பனைக்குத் தடை வந்தது. எனவே இளஞ்சிவப்பில் எது விற்றாலும் கடந்து போய்விடுங்கள். வாயில் போட்டால் புகை வரும் பிஸ்கட்டைக் குழந்தைகளுக்கு ஒருபோதும் வாங்கித் தர வேண்டாம். புகை வருவதற்காக அதில் ஊற்றும் திரவ நைட்ரஜன் கழித்தல் 196 டிகிரி செல்சியசில் கொதிப்பது. அது முழுமையாக ஆவியாகும் முன் விழுங்கினால் வாயும் உணவுக்குழாயும் இரைப்பையும் புண்ணாகிவிடும். பொரி, வறுத்த கடலை, சுட்ட சோளம், நுங்கு ஆகியவை பெரியவளுக்குப் போதுமானவை. சிறியவனுக்கு முழுக் கடலை கூடாது. மூச்சுக்குழாயில் சிக்கும் பொருள்களில் அது முதலிடத்தில் இருக்கிறது. தோளில் அமர்ந்து கொறிக்கக் கொடுக்கவே கூடாது.

வாணவேடிக்கையைத் தொலைவிலிருந்து, முடிந்தால் மாடியிலிருந்து காட்டுங்கள். அதிர்வேட்டுச் சத்தத்தில் இரண்டு வயதுப் பிள்ளைகள் அரண்டுபோவார்கள். காதுகளை உள்ளங்கையால் பொத்தி மார்போடு அணைத்துக்கொண்டால் போதும்.

---

பழைய வட ஆற்காடு:

எல்லாரும் ஒரே குரலில் போகச் சொல்வதால் மாற்றுக் கருத்து ஒன்றையும் பதிவு செய்கிறேன். மாமியாரின் ஆசையை மதிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அவரையும் கணவரையும் சிரசுக்கு அனுப்பிவிட்டு, குழந்தைகளை இந்த ஆண்டு வேறொரு விழாவுக்கு அழைத்துப் போகலாமே? நம் மாவட்டத்தில் விழாக்களுக்கா பஞ்சம்?

மாசி மாதத்து வள்ளிமலைத் தேரைப் பாருங்கள். தேர் மலையைச் சுற்றி ஒரே நாளில் வந்துவிடாமல் நான்கு நாட்கள் ஊர் ஊராக நின்று வருவதால் கூட்டம் பிரிந்துவிடுகிறது, வெயிலும் ஏறியிருக்காது, வயல்வெளியில் பிள்ளைகள் ஓடுவதற்கு இடம் உண்டு. வேலூர் நகரத்துக்குள்ளேயே வேண்டும் என்றால் சித்ரா பௌர்ணமி இரவில் புஷ்பப் பல்லக்குகள் வருகின்றன. நகரின் கோயில்களிலிருந்து பூப்பல்லக்குகள் ஒவ்வொன்றாக மண்டித் தெருப் பக்கம் வந்து சேரும் அழகு வேறெங்கும் காணக் கிடைக்காது. ஆனால் அது நள்ளிரவுக் காட்சி, பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விழாவே வேண்டாம், குழந்தை வேடிக்கை பார்த்தால் போதும் என்றால் செவ்வாய்க்கிழமை காலையில் பொய்கை மாட்டுச் சந்தைக்கு அழைத்துப் போங்கள். கொம்பில் வண்ணம் பூசிய மாடுகள், கன்றுக்குட்டிகள், ஆடுகள், கோழிகள், துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும் தரகர்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். கயிறு, கழுத்து மணி, சலங்கை விற்கும் கடைகளில் ஒரு சிறு மணி வாங்கிக் கொடுத்தால் வீடு வரும்வரை ஆட்டிக்கொண்டே வருவார்கள். சத்துவாச்சாரியிலிருந்து அரை மணி நேரப் பயணம், நுழைவுக் கட்டணமும் இல்லை.

---

தரணம்பேட்டைக்காரர்:

ஐயா, வள்ளிமலைத் தேரும் பொய்கைச் சந்தையும் சிறந்தவையே. ஆனால் அந்தக் குழந்தை தன் ஆயா பிறந்த ஊருக்குப் போகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறாள். ஆயா இல்லாமல் பொய்கைக்குப் போய் மாடு பார்ப்பது அதற்கு ஈடாகாது.

---

கூத்து ரசிகர், ஆரணி:

சகோதரி எழுப்பிய இரண்டாவது கேள்விக்கு இதுவரை யாரும் விடை சொல்லவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நான் தொடக்கப்பள்ளி ஆசிரியர். இந்தக் கதையைப் பல வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலிலும் அம்மனுக்குச் சிரசு வழிபாடுதான் என்பதால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஏதாவது ஒரு நாள் உங்கள் மகள் கேட்டதையே கேட்பார்கள்.

கதையை, மகன் தாயின் தலையை வெட்டியதிலிருந்து தொடங்காதீர்கள், குடத்திலிருந்து தொடங்குங்கள். பரசுராமனின் தாய் ரேணுகை நாள்தோறும் ஆற்றுக்குப் போவாள். கையில் குடம் எடுத்துப் போகமாட்டாள். ஆற்று மணலைக் குழைத்துக் குடமாக வனைவாள். சுடாத அந்த மணல் குடத்தில் தண்ணீர் நிற்கும். இதைச் சொன்னதும் எந்தக் குழந்தையும் உங்கள் பக்கம் திரும்பி உட்காரும், ஏனென்றால் மணலில் பானை செய்து அது உதிர்ந்துபோன அனுபவம் அவர்களுக்கே உண்டு. ஒரு நாள் நீரில் தெரிந்த ஒரு கந்தர்வனின் நிழலைப் பார்த்து வியந்து நின்றுவிட்டாள், குடம் உருவாகவில்லை. கணவர் ஜமதக்னி முனிவர் கடுங்கோபக்காரர். தாய்க்குத் தண்டனை கொடுக்கச் சொல்லி மகன்களுக்கு ஆணையிட்டார். மற்ற மகன்கள் மறுத்துவிட்டார்கள், பரசுராமன் மட்டும் கீழ்ப்படிந்தான். தந்தை மகிழ்ந்து வரம் தருகிறேன் என்றபோது அவன் பொன் கேட்கவில்லை, நாடு கேட்கவில்லை. "என் அம்மா எனக்குத் திரும்ப வேண்டும்" என்றான். ஐந்து வயதுக்கு இந்த அளவு போதும். "அவன் ஏன் அப்பா சொன்னதைக் கேட்டான்?" என்று குழந்தை கேட்டால் மழுப்ப வேண்டாம். அவன் செய்தது தவறு, அதனால்தான் அழுது அம்மாவைத் திருப்பிக் கேட்டான் என்று நான் சொல்வேன். புராணத்தில் அப்படி இல்லை என்று சிலர் என்னிடம் சண்டைக்கு வந்ததுண்டு. வரட்டும்.

அடுத்த பகுதிதான் குடியாத்தத்தில் கண்முன்னே நடப்பது. ரேணுகை அடைக்கலம் தேடி ஓடியபோது, ஊருக்கு வெளியே குடியிருந்த ஒரு பெண் அவளைக் காக்க முன்வந்தாள் என்றும், அவளும் வெட்டுண்டாள் என்றும், உயிர் கொடுக்கும் அவசரத்தில் ரேணுகையின் தலை அந்தப் பெண்ணின் உடலோடு சேர்ந்துவிட்டது என்றும் நம் பக்கத்துக் கதை சொல்கிறது. அந்த உடலோடு சேர்ந்தவளைத்தான் அம்மனாகக் கும்பிடுகிறார்கள். குடியாத்தத்தில் சிரசு ஒரு கோயிலிலிருந்து கிளம்பி வருகிறது, உடல் இன்னொரு கோயிலில் காத்திருக்கிறது. "உடம்பு எங்க போச்சு?" என்று கேட்ட மகளிடம், "உடம்பு கோபாலபுரத்தில் இருக்கிறது, தலை அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறது, சேர்ந்ததும் அம்மன் கண் திறப்பாள்" என்று சொல்லுங்கள். பயப்பட வேண்டிய காட்சி என்ற எண்ணமே அவளுக்கு வராது. எப்போது சேரும் என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பாள். சண்டாளச்சி என்று அந்தப் பெண்ணைக் குறிப்பிடும் வழக்கம் இருக்கிறது. குழந்தையிடம் அந்தச் சொல் வேண்டாம். அடைக்கலம் கொடுத்த அம்மா என்று சொன்னாலே போதும். கதையில் துணிச்சல்காரி அவள்தான்.

---

மூன்று பிள்ளைகளின் தந்தை, ராணிப்பேட்டை:

ராட்டினத்தைப் பற்றிச் சில சொற்கள். நான் இயந்திரப் பராமரிப்பு வேலையில் இருப்பவன், ஆகையால் பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன் ஒரு முழுச் சுற்று வெளியே நின்று பார்ப்பது என் வழக்கம். ஆட்களை ஏற்றிய பிறகு ஒவ்வொரு தொட்டியின் கதவையும் இயக்குபவர் கையால் இழுத்துப் பார்க்கிறாரா? பூட்டும் கொக்கிக்குப் பதிலாகக் கம்பியோ கயிறோ கட்டியிருக்கிறதா? அடித்தளத்தின் கீழ் வைத்த மரக்கட்டைகள் மணலில் ஒரு பக்கம் அமிழ்ந்திருக்கின்றனவா? மின்கம்பிகள் ஆட்கள் நடக்கும் வழியில் கிடக்கின்றனவா? இவற்றில் எது கண்ணில் பட்டாலும் நாங்கள் சோளம் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பிவிடுவோம்.

உங்கள் மகளுக்குக் குதிரை ராட்டினமும் சிறுவர் ரயிலும் போதும். ஜெயின்ட் வீலில் ஏறியே ஆக வேண்டும் என்றால் நீங்களோ கணவரோ அருகில் அமர்ந்து அணைத்துக்கொள்ள வேண்டும். கொலம்பஸ் கப்பல் அந்த வயதுக்கு உரியதன்று. துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல், சேலை முந்தானை மூன்றையும் முடிந்துகொண்டுதான் ஏற வேண்டும். சுழலும் அச்சில் கூந்தல் சிக்கி உயிர் போன செய்திகளை நாமெல்லாம் படித்திருக்கிறோம். இரண்டு வயதுப் பையனை எதிலும் ஏற்ற வேண்டாம். மின்மோட்டார் இல்லாமல் கையால் சுற்றும் சிறு ராட்டினம் ஏதேனும் ஒரு மூலையில் இருக்கும். மரப்பெட்டி நான்கு, சுற்றிவிடப் பெரியவர் ஒருவர், பையன் அழுதால் உடனே நிறுத்துவார். அதில் உங்கள் மடியில் வைத்து இரண்டு சுற்று சுற்றினால் அவனுக்கும் திருவிழா ஆயிற்று.

குழந்தை தொலைந்துவிடும் அச்சத்துக்கு ஒரு வழி: வீட்டிலேயே இருவரின் முன்கையிலும் உங்கள் கைபேசி எண்ணை அழியாத மையால் எழுதிவிடுங்கள். கழுத்தில் தொங்கும் அட்டை வேண்டாம், கூட்டத்தில் கயிறு இழுபடும். அன்று காலை வீட்டைவிட்டுக் கிளம்பும்போது பிள்ளைகளை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேட நேர்ந்தால் என்ன நிறச் சட்டை என்று பதற வேண்டியிருக்காது. காணவில்லை என்றால் கணவரும் நீங்களும் ஆளுக்கொரு திசையில் ஓடாமல், ஒருவர் அதே இடத்தில் நிற்க, மற்றவர் அருகிலுள்ள காவல் உதவி மையத்துக்குப் போய் ஒலிபெருக்கியில் அறிவிக்கச் செய்யுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் பதிந்துகொள்ளுங்கள். மகளிடம், "தொலைந்துவிட்டால் காக்கிச் சட்டை போட்ட அக்காவிடமோ, குழந்தை வைத்திருக்கும் வேறொரு அம்மாவிடமோ போ" என்று முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

---

சத்துவாச்சாரி மருமகள்:

இவ்வளவு அக்கறையோடு விடை எழுதிய அனைவருக்கும் நன்றி. மாமியாரிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ஊர்வலப் பாதையில் அவருடைய சித்தப்பா மகன் வீடு இருக்கிறதாம். "மாடி இருக்கு, போன் பண்ணாலே போதும்" என்று இப்போது சொல்கிறார், இத்தனை ஆண்டுகளாக இதை ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை. ஆகவே முந்தைய நாள் மாலையே போய்த் தங்குவது, காலையில் மாடியிலிருந்து சிரசைப் பார்ப்பது, மாமியாரும் கணவரும் மட்டும் கோயில் வரிசையில் நிற்பது, பகலில் நானும் பிள்ளைகளும் வீட்டிலேயே இருப்பது, மாலையில் மகளை மட்டும் கடைத்தெருவுக்கு அழைத்துப் போவது என்று முடிவு செய்திருக்கிறோம். மகன் அப்போது அவனுடைய தாத்தாவிடம் இருப்பான். பொய்கைச் சந்தையைப் பற்றிச் சொன்ன ஐயாவுக்குத் தனியாக நன்றி. விடுமுறை முடிவதற்குள் ஒரு செவ்வாய்க்கிழமை அங்கும் போகப் போகிறோம்.

மணல் குடக் கதையை நேற்றிரவே மகளிடம் சொன்னேன். "அந்த இன்னொரு அம்மாவோட தலை எங்க?" என்று கேட்கிறாள். ஆரணி ஆசிரியர் ஐயா இதற்கும் ஒரு வழி சொல்ல வேண்டும்.

காரில் வருவதா, பேருந்தில் வருவதா என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

---

கூத்து ரசிகர், ஆரணி:

நல்ல கேள்வி. ரேணுகையின் உடலோடு அந்தத் தலை சேர்ந்து, அவளும் எழுந்துவிட்டாள் என்று சொல்லும் கதை உண்டு. இரண்டு பேரும் பிழைத்தார்கள் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

---

தரணம்பேட்டைக்காரர்:

முந்தைய நாள் மாலையே வருவதால் பேருந்தே போதும். வேலூரிலிருந்து பள்ளிகொண்டா வழியாகவும், காட்பாடியிலிருந்து லத்தேரி, கே.வி.குப்பம் வழியாகவும் பேருந்துகள் உண்டு. சிரசு நாளை முன்னிட்டுச் சிறப்புப் பேருந்துகளும் விடுவார்கள். ரயிலில் வராதீர்கள், குடியாத்தம் நிலையம் ஊருக்கு வெளியே தள்ளி இருக்கிறது, அங்கிருந்து பிள்ளைகளோடு ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும். கார்தான் வேண்டும் என்றால் முந்தைய நாள் பகலிலேயே உறவினர் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, சிரசுக்கு மறுநாள் காலைவரை சாவியைத் தொடாதீர்கள். அன்று போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள், தெருக்களுக்குள் வண்டி நகராது. திரும்பும்போதும் அப்படியே, இரவு வாணவேடிக்கை முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் பேருந்து நிலையத்துக்கு ஓடுவார்கள். தங்கிவிட்டு மறுநாள் காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு கிளம்புங்கள். மாடிக்குக் குடையும் பாயும் எடுத்து வர மறக்க வேண்டாம், ஏழு மணிக்கே தளம் சுடத் தொடங்கிவிடும்.